சிறுநீரகமும் இதயமும் இறைவன் தந்த அமானிதங்கள்

இதயம் செலுத்தும் இரத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்கே செல்கிறது. அவை பழுதுற்றால் உப்பும் நீரும் உடலில் தேங்கும். இரத்த அழுத்தம் உயரும். இதயத் தசை தடித்துப் பலவீனமடையும். எனவேதான் சிறுநீரக நோயாளிகளுள் பலர் டயாலிசிஸ் நிலையை எட்டுமுன்பே இதய நோயால் மரணிக்கின்றனர். தொடக்கத்தில் வலி இராது. சிறுநீரில் புரதம் கசிவதே முதல் எச்சரிக்கை.

2021 ஆகஸ்ட் 5இல் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் நீரிழிவு, இரத்த அழுத்த மாத்திரைகளை இல்லங்களுக்கே கொண்டுவந்தது. திருத்தணிவாழ் சகோதர சகோதரிகளே! மாத்திரை மட்டும் போதாது. இந்நோய் உள்ளோர் ஆண்டுதோறும் சிறுநீர்ப் புரதம், இரத்தக் கிரியேட்டினின் ஆகியவற்றைப் பரிசோதித்தல் அவசியம். ஊறுகாய், கருவாட்டைக் குறையுங்கள். வலி மாத்திரைகளைத் தாமாக உண்ணாதீர்கள். சிறுநீரக நோயாளிகள் ரமழானுக்கு முன்பே மருத்துவரையும் ஆலிமையும் கலந்தாலோசிப்பீர்களாக! அமானிதத்தைப் பேணும் நல்லுணர்வை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.