தேய்ந்து காத்தது அன்று, வழுக்கிக் காக்கிறது இன்று

ஏப்ரல் 15 வந்தால் தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஓய்வு. ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். கரையேற்றிய படகின் பின்பக்கம் போய் நின்றால், ஆண்டு முழுவதும் தண்ணீருக்கடியில் மறைந்து உழைத்த புரொப்பெல்லர் கண்ணுக்கு வரும். வெண்கலத்தில் வார்த்த அதன் இறக்கைகளில் குட்டிக் குட்டி எரிமலைகள் முளைத்ததுபோலக் கொட்டலசு என்ற ஓடுடைய கடலுயிர் ஒட்டியிருக்கும். தண்டைச் சுற்றிய நடுப்பகுதியில் அடையடையாகவும், இறக்கை நுனிக்குப் போகப் போகக் குறைந்தும் இருக்கும். சுரண்டியை அடியில் கொடுத்து நெம்பினால் ஓடு பெயர்ந்து விழும். விழுந்த இடத்தில் ஒரு வெள்ளை வட்டம் மட்டும் போகாது. அது அந்த உயிர் பசைபோட்டு உட்கார்ந்த அடித்தட்டு. மணல்தாளை வைத்துத் தேய்த்துத் தேய்த்துத்தான் அதைப் போக்க வேண்டும்.

ஆண்டுதோறும் இந்தப் பாட்டைப் படுகிறவர் மனதில் எழும் கேள்வி ஒன்றுதான்: ஒட்டாமல் இருக்க ஏதாவது பூச்சு அடித்தால் நிற்குமா? இந்தக் கேள்விக்கு 260 வயதுக்கு மேல் ஆகிறது. பதில் மட்டும் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது.

வெயிலே மருந்து

நம் கரையில் ஒருகாலத்தில் இந்தக் கவலை பெரிதாக இருந்ததில்லை. தொழில் முடித்துத் திரும்பிய கட்டுமரத்தைக் கட்டவிழ்த்து மணலில் காயப்போட்டுவிடுவார்கள். கொட்டலசின் குஞ்சு ஒரு பரப்பைப் பிடித்து ஓடு கட்ட, நாள்கணக்கில் தண்ணீருக்குள் இருந்தாக வேண்டும். தினமும் வெயிலில் காயும் மரத்தில் அதற்கு வாழ்வில்லை. இன்றும் கரையில் இழுத்துப் போடும் ஃபைபர் படகுக்கு அந்தக் கொடுப்பினை உண்டு. நீண்ட தண்டு எஞ்சினைத் தூக்கிவிட்டால் புரொப்பெல்லரும் கூடவே மேலே வந்துவிடும். பாடெல்லாம் துறைமுகத்துத் தண்ணீரிலேயே கிடக்கும் பெரிய படகுக்குத்தான். பெருங்கடல்களைக் கடந்த ஐரோப்பிய மரக்கப்பல்கள் பட்டதும் இதே பாடுதான்.

செம்பு உடுத்திய கப்பல்

1761-ல் பிரிட்டிஷ் கடற்படை 'அலாரம்' என்ற போர்க்கப்பலின் அடிப்பகுதி முழுவதையும் மெல்லிய செப்புத் தகடுகளால் போர்த்தி மேற்கிந்தியத் தீவுகளுக்கு அனுப்பியது. மரம் துளைக்கும் புழுவுக்கும் பாசிக்கும் கொட்டலசுக்கும் பெயர்போன வெதுவெதுப்பான கடல் அது. திரும்பி வந்த கப்பலை 1763-ல் சோதித்தார்கள். புழு துளைக்கவில்லை, கொட்டலசு அண்டவில்லை. ஆனால் செம்பைத் தொட்டிருந்த இரும்பு ஆணிகள் உளுத்துப்போயிருந்தன.

எல்லா ஆணிகளும் அப்படி இல்லை. செப்புத் தகடுகள் பழுப்புக் காகிதம் சுற்றி வந்திருந்தன. சில இடங்களில் அந்தக் காகிதத்தை உரிக்காமலே அறைந்துவிட்டிருந்தார்கள். காகிதம் இடையில் நின்ற இடங்களில் ஆணி கெடாமல் இருந்தது. கடல்நீரில் இரண்டு வெவ்வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டால், ஒன்று கரைந்து மற்றதைக் காப்பாற்றும் என்ற பாடத்தை ஒரு காகிதத் துண்டு சொல்லிக்கொடுத்தது. 1779 தொடங்கிக் கடற்படைக் கப்பல்களுக்கெல்லாம் செப்புப் போர்வை ஏறியது. 1779 தொடங்கிக் கடற்படைக் கப்பல்களுக்கெல்லாம் செப்புப் போர்வை ஏறியது.

டேவி கண்டது

செம்பிலும் ஒரு குறை இருந்தது. நாளாக நாளாகத் தகடு அரித்து மெலிந்தது. அதைத் தடுக்க வழி கேட்டு ஹம்ப்ரி டேவியிடம் போனார்கள். சுரங்கத் தொழிலாளர்களுக்குப் பாதுகாப்பு விளக்கு செய்து தந்த அதே விஞ்ஞானி. 1824-ல் அவர் சொன்ன வழி எளிமையானது: செப்புத் தகட்டோடு துத்தநாகமோ இரும்போ சிறு துண்டாகப் பொருத்துங்கள், அந்தத் துண்டு கரையும், செம்பு கரையாது. செய்து பார்த்தார்கள். செம்பு புதுத் தகடுபோல அப்படியே நின்றது. ஆனால் அதன்மேல் பாசியும் கொட்டலசும் மண்டின. கப்பல்களின் வேகம் குறைந்தது. விரைவிலேயே அந்தத் துண்டுகளைக் கழற்றச் சொல்லி உத்தரவு வந்தது.

இந்தத் தோல்வியில்தான் பெரிய உண்மை இருந்தது. செம்பு சிறுகச் சிறுகக் கரைந்து தண்ணீரில் நஞ்சு கலந்ததால்தான் உயிர்கள் அண்டாமல் இருந்தன. கரைவதை நிறுத்தியதும் அது வெறும் தகடு. தேய்கிற பொருள்தான் காக்கும், காக்கிற பொருள் தேய்ந்தே தீரும். அடுத்த ஒன்றரை நூற்றாண்டுக்கு இந்தத் துறையின் விதி இதுவாகவே இருந்தது.

வெண்கலத்தில் பெரும்பங்கு செம்புதானே, அதில் ஏன் கொட்டலசு ஒட்டுகிறது என்று கேட்கிறவர்களுக்கும் டேவியிடம் பதில் இருக்கிறது. புரொப்பெல்லரும் தண்டும் அரிக்காமலிருக்க இன்று படகின் அடியில் துத்தநாகக் கட்டி பொருத்துகிறோம். கட்டி கரைகிறது, வெண்கலம் பிழைக்கிறது. பிழைத்த வெண்கலம் செம்பை வெளியே விடுவதில்லை. 200 ஆண்டுக்கு முன் டேவியின் தகட்டில் நடந்ததுதான் இன்று நம் புரொப்பெல்லரில் நடக்கிறது. கட்டியைக் கழற்றிவிடவும் முடியாது. கழற்றினால் உலோகமே அரித்துப்போகும்.

சுழலும் இடத்தில் எதுவும் நிற்காது

புரொப்பெல்லர் கப்பலுக்கு வந்தது 19-ஆம் நூற்றாண்டில். 1836-ல் பிரான்சிஸ் பெட்டிட் ஸ்மித் காப்புரிமை பெற்றார். 1845-ல் புரொப்பெல்லர் பூட்டிய 'ராட்லர்' என்ற கப்பலையும் பக்கச் சக்கரம் பூட்டிய 'அலெக்டோ'வையும் பின்னுக்குப் பின் கட்டி இழுக்கவிட்டார்கள். ராட்லர் அலெக்டோவைப் பின்னோக்கி இழுத்துக்கொண்டு போனது. அதற்குள் கப்பல் உடலும் மரத்திலிருந்து இரும்புக்கு மாறத் தொடங்கியிருந்தது. இரும்பின்மேல் நேராகச் செப்புத் தகடு அறைய முடியாது, இரும்பே அரித்துவிடும். அதனால் செம்பு பெயின்டுக்குள் புகுந்தது. செப்பு ஆக்சைடு கலந்த அந்தச் சிவப்புப் பூச்சை இன்றும் கப்பல் அடியில் பார்க்கலாம்.

உடம்பில் நின்ற அந்தப் பூச்சு புரொப்பெல்லரில் நிற்கவில்லை. ஒரு கணக்குப் போட்டால் காரணம் புரியும். ஒரு மீட்டர் குறுக்களவுள்ள புரொப்பெல்லர் நிமிடத்துக்கு 400 சுற்று சுற்றினால், அதன் நுனி மணிக்கு 75 கிலோமீட்டர் வேகத்தில் தண்ணீரை வெட்டுகிறது. படகு போவதோ அதில் சிறு பங்கு வேகத்தில். போதாததற்கு, இறக்கையின் ஒரு பக்கத்தில் அழுத்தம் குறைந்து நீராவிக் குமிழிகள் உண்டாகி, உடனே நொறுங்கும். அந்த நொறுங்கல் வெண்கலத்தையே அம்மை வடுப்போலக் குழிக்கும். பெயின்ட் எம்மாத்திரம்? மெருகேற்றிய உலோகத்தில் பெயின்டுக்குப் பிடிமானமும் குறைவு. தேய்ந்து நஞ்சு விடுவதற்கென்றே மென்மையாகச் செய்த பூச்சு, மாதக்கணக்கில் தேய வேண்டியது இங்கே சில வாரங்களில் தேய்ந்து தொலைந்துவிடும். முதலில் போவது நுனி. அவுட்போர்டு எஞ்சினின் அலுமினியப் பாகங்களுக்குச் செப்புப் பூச்சு இன்னும் ஆபத்து, அலுமினியத்தையே தின்றுவிடும்.

புரொப்பெல்லர் சின்னப் பொருள்தானே என்று விட்டுவிடவும் முடியாது. எஞ்சினின் சக்தி முழுவதும் தண்ணீருக்குப் போகும் வழி அது ஒன்றுதான். அதன் வளைவு கெட்டால் எரிபொருள் புகையாகப் போகும், அதிர்வு தண்டு வழியே எஞ்சினுக்கு ஏறும். கொட்டலசு எவ்வளவு சக்தியைத் தின்னும் என்பதற்குக் கப்பல் உடம்பின் கணக்கு ஒன்று உண்டு: அடிப்பரப்பு முழுவதும் கொட்டலசு அடர்ந்துவிட்ட போர்க்கப்பல் அதே வேகத்தில் போக 86 சதவீதம் வரை கூடுதல் சக்தி தேவைப்படலாம் என்று அமெரிக்கக் கடற்படைக் கல்விக்கழகத்தின் மைக்கேல் ஷுல்ட்ஸ் 2007-ல் கணக்கிட்டுக் காட்டினார்.

ஐந்தாண்டு நின்ற நஞ்சு

1970-களில் ஒரு பூச்சு வந்தது. அதில் டிரைபியூட்டைல்டின் என்ற வெள்ளீயச் சேர்மம் இருந்தது. கடல்நீர் பட்டுப்பட்டு மேல்தோல் மெல்ல உரிய, புதுத்தோல் வெளிப்படும் விதமாக அதை வடிவமைத்திருந்தார்கள். கப்பல் உடம்பில் ஐந்தாண்டு வரை நின்றது. அதற்குமுன் எந்தப் பெயின்டும் அப்படி நின்றதில்லை. கப்பல் முதலாளிகள் கொண்டாடினார்கள்.

விலையைக் கொடுத்தது கடல். பிரான்சின் ஆர்க்கஷோன் விரிகுடா சிப்பி வளர்ப்புக்குப் பெயர்போனது. உல்லாசப் படகுகள் நிறைந்த அந்த விரிகுடாவில் 1970-களின் பிற்பகுதியில் சிப்பிக் குஞ்சுகள் பிடிக்காமல் போயின. வளர்ந்த சிப்பிகளின் ஓடு பந்துபோல உப்பித் தடித்தது. பிரிட்டிஷ் கரையோரங்களில் பெண் நத்தைகளுக்கு ஆண் உறுப்பு முளைத்து, முட்டையிட முடியாமல் இனமே அழிந்த இடங்கள் உண்டு. ஒரு லிட்டர் கடல்நீரில் சில நானோகிராம் இருந்தாலே இந்த விளைவு. 1982-ல் பிரான்ஸ் 25 மீட்டருக்குக் குறைந்த படகுகளில் அதைத் தடை செய்தது. 2001-ல் அதைத் தடைசெய்யும் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பின் உடன்படிக்கை உருவாகி, 2008 செப்டம்பர் 17 அன்று நடைமுறைக்கு வந்தது. நின்று காத்த நஞ்சு கடலடிச் சேற்றிலும் நின்றுவிட்டது. பழைய துறைமுகங்களின் சேற்றில் அது இன்னும் இருக்கிறது.

வழுக்கும் தோல்

இன்றைய வழி வேறு. கொல்லவும் வேண்டாம், கரையவும் வேண்டாம், பிடி கிடைக்காமல் செய்தால் போதும் என்பது சிலிக்கோன் பூச்சின் கொள்கை. கொட்டலசின் குஞ்சு கடைசிப் பருவத்தில் எதையும் உண்பதில்லை. ஒட்ட இடம் தேடுவதே அதன் ஒரே வேலை. இரண்டு உணர்கொம்புகளால் பரப்பை நடந்து நடந்து சோதித்து, பிடித்த இடத்தில் பசையைக் கக்கி உட்கார்ந்துவிடும். சிலிக்கோனிலும் உட்காரத்தான் செய்யும், ஆனால் பசை இறுகப் பிடிக்காது. புரொப்பெல்லர் சுழன்றதும் தண்ணீரின் இழுப்பே அதை உதறிவிடும். அன்று பூச்சுக்கு எமனாக இருந்த அதே வேகம் இன்று துப்புரவாளனாக மாறியிருக்கிறது.

பெரிய கப்பல்களின் புரொப்பெல்லருக்கும் இந்தப் பூச்சு வந்துவிட்டது. உல்லாசப் படகுகளிடையே நியூசிலாந்தின் புரொப்ஸ்பீட் பரவலான பெயர். பூசாத பெரிய கப்பல்களில் முக்குளிப்போர் இறங்கி மெருகேற்றுகிறார்கள். ஏ முதல் எஃப் வரை ஆறு மாதிரித் தகடுகளை வைத்து, இறக்கையின் சொரசொரப்பைத் தடவிப் பார்த்துத் தரம் சொல்கிறார்கள்.

நிற்குமா?

நிற்கும், சில நிபந்தனைகளோடு. ஒழுங்காகப் பூசிய சிலிக்கோன் புரொப்பெல்லரில் ஓராண்டு நிற்பது இயல்பு, நல்ல பராமரிப்பில் இரண்டாண்டு வரை எதிர்பார்க்கலாம். பூசுகிற விதத்தில்தான் பாதி ஆயுள் இருக்கிறது. வெள்ளை வட்டம் ஒன்றுகூட மிஞ்சாமல் பளபளக்கும் உலோகம் வரை தேய்க்க வேண்டும். மணல்தாளின் கீறல்கள் பூச்சுக்குப் பிடிமானம் தரும். பிறகு எண்ணெய்ப் பசை போகத் துடைக்க வேண்டும். துடைத்த இடத்தில் விரல் பட்டால்கூட அங்கே பூச்சு உரியும். உலோகத்தைக் கவ்வும் பிரைமரை அடித்து, அது முழுதாக இறுகுமுன் மேல்பூச்சு ஏற வேண்டும். பெரும்பாலும் தோற்பது அவசரமாகப் பூசியதுதான்.

இரண்டாவது நிபந்தனை, படகு ஓட வேண்டும். மாதக்கணக்கில் கட்டிக்கிடக்கும் படகில் எந்த வழுக்கும் தோலும் உதவாது. மூன்றாவது, இந்தத் தோல் மிருதுவானது. வலையோ கயிறோ சுற்றினாலும், முகத்துவாரத்து மணலை இறக்கை உரசினாலும் கிழியும். உல்லாசப் படகில் இரண்டாண்டு வரும் பூச்சு, இழுவலைப் படகில் அவ்வளவு வரும் என்று நம்பிக் கணக்குப் போடக்கூடாது.

ஆனாலும் என் முடிவு சிலிக்கோன் பக்கம்தான். அன்றைய பூச்சு தேய்ந்து நம்மைக் காத்தபோது, தேய்ந்ததெல்லாம் நாம் மீன் பிடிக்கும் தண்ணீரில்தான் கரைந்தது. இன்றைய பூச்சு கிழிந்தால் நமக்குப் பணநட்டம், ஆனால் உயிர்களைக் கொல்லவென்று கலந்த நஞ்சு கடலில் கரைவதில்லை.

இந்தத் தடைக்காலத்தில் படகைக் கரையேற்றுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடிப்பகுதியிலிருந்து சுரண்டி எடுத்த பழைய பெயின்ட் செதில்களைத் தண்ணீரில் தள்ளாதீர்கள். தார்ப்பாய் விரித்துச் சேர்த்து, மூட்டை கட்டி, கரையிலேயே ஒழுங்காக அப்புறப்படுத்துங்கள். துத்தநாகக் கட்டி பாதிக்கு மேல் கரைந்திருந்தால் மாற்றுங்கள். புரொப்பெல்லருக்குப் பூச்சு அடிப்பதானால், அடிக்கிற நேரத்தைவிடத் தேய்க்கிற நேரத்தை அதிகமாக ஒதுக்குங்கள். ஜூன் 15 காலை எஞ்சினை முடுக்கும்போது அந்த உழைப்பு டீசல் கணக்கில் தெரியும்.