கோவில்பாளையம் தாண்டினா நின்னு போற கார்!

கார், இன்ஜின் என்று பேச்சு வந்தாலே "அது ஆம்பளைங்க சமாச்சாரம்" என்று நாம் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவோம். நானும் அப்படித்தான் இருந்தேன். ஆனால் எட்டு மாதமாக எங்களைப் படாதபாடு படுத்திய கோளாறைக் கடைசியில் கண்டுபிடித்துக் கொடுத்தது என் வரவு செலவு நோட்டும், எங்கள் அத்தையின் எண்ணெய் டின்னும்தான்.

எங்களிடம் இருப்பது 1996-ல் என் அப்பா வாங்கிய சின்னக் கார். கார்பரேட்டர் வண்டி. அப்பா காலமானதும் அம்மா அதை எனக்கே கொடுத்துவிட்டார். அன்னூரில் பிறந்த வீடு, சரவணம்பட்டியில் புகுந்த வீடு. மாதம் ஒருமுறை அம்மாவைப் பார்க்க சத்தி ரோட்டில் அதில்தான் போவோம்.

போன ஆவணியில் ஆரம்பித்தது வினை. கோவில்பாளையம் தாண்டியதும் வண்டி இழுக்கத் திணறும். இரண்டு மூன்று தடவை குலுங்கும். அப்புறம் நின்றே போகும். கால் மணி நேரம் ஓரமாக நிறுத்தி வைத்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகிவிடும். கணபதிக்கும் காந்திபுரத்துக்கும் போனால் ஒரு தொந்தரவும் இல்லை. மெக்கானிக்கிடம் விட்டால் அங்கே தங்கமாக ஓடும். டாக்டரைப் பார்த்ததும் குழந்தைக்கு இருமல் நின்றுவிடுமே, அந்தக் கதைதான்.

மெக்கானிக் தம்பியும் சும்மா இருக்கவில்லை. பிளக் மாற்றினார். பாயின்ட், கண்டென்சர் மாற்றினார். "காயில் சூடானா இப்படித்தானுங்க்கா நிக்கும், ஆறுனா ஓடும்" என்று அதையும் மாற்றினார். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரை அரிக்கும் என்று பெட்ரோல் ஹோஸ்களையும் மாற்றினார். ஒவ்வொன்றும் நியாயமான சந்தேகம்தான். ஆனால் 7,850 ரூபாய் கரைந்தும் வண்டி கோவில்பாளையம் தாண்டி நின்றது.

"அந்த எடத்துல என்னமோ இருக்குது அம்மிணி" என்று அத்தை எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினார். திருஷ்டிப் பூசணிக்காயும் உடைத்தாயிற்று. என்னவரோ, "இந்தச் சித்திரையில ஆர்.சி. புதுப்பிக்கோணும். அதுக்கும் இதுக்கும் செலவு பண்றதுக்கு பழைய இரும்புக்குப் போட்டுடலாம்" என்று ஆரம்பித்தார். பதினைந்து வருஷம் தாண்டிய சொந்தக் காருக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும் என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும். அப்பா உட்கார்ந்து ஓட்டிய சீட்டை இரும்புக் கடையில் நினைத்துப் பார்க்கவே எனக்கு மனசு வரவில்லை. ஆனால் வாயைத் திறந்து சொல்லவும் முடியவில்லை.

ஏனென்றால் தை மாதத்தில் அது நடந்துவிட்டது. அன்னூரில் ஒரு கல்யாணம். ராத்திரி திரும்பி வரும்போது அத்தைக்கு மூச்சு இரைக்க ஆரம்பித்தது. வேகமாக ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று வந்தால், பாதி வழியில் வண்டி நின்றுவிட்டது. பக்கத்தில் லாரிகள் சீறிக்கொண்டு போகின்றன. அத்தை என் கையை இறுக்கிப் பிடித்தபடி காற்றுக்குத் தவிக்கிறார். ஒரு பால் வண்டிக்காரர் ஏற்றிக்கொண்டு வந்து சேர்த்ததால் பிழைத்தோம். அதற்கப்புறம் "அப்பாவோட கார்" என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. மெக்கானிக் தம்பி ஒருநாள், "எப்பெப்ப நிக்குதுன்னு தெரிஞ்சாத்தானுங்க்கா புடிக்க முடியும்" என்றார். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு என் வரவு செலவு நோட்டை எடுத்தேன். அதில் பால், மளிகையோடு பெட்ரோலும் எழுதியிருப்பேன். வண்டி நின்ற தேதிகளுக்கு எதிரே பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் அன்றைக்குத்தான் டேங்க்கை நிரப்பியிருக்கிறோம்! உள்ளூரில் ஓட்ட 500 ரூபாய்க்குத்தான் போடுவோம். அன்னூர் போகும்போது மட்டும் ஃபுல் டேங்க். தை மாதக் கல்யாணத்தன்றும் அன்னூரில்தான் நிரப்பிக்கொண்டு கிளம்பினோம்.

"அப்போ பங்க்கில கலப்படம்தான்" என்றார் என்னவர். ஆனால் அதே பங்க்கில் 500 ரூபாய்க்குப் போட்டால் வண்டி நன்றாகத்தானே ஓடுகிறது? இன்னும் பின்னால் புரட்டினேன். ஆடிப் பதினெட்டு அன்று ஒரு வரி: "கார் டேங்க் மூடி, ரூ. 150." ஆமாம்! பழைய மூடியை எங்கோ மறந்து வைத்துவிட்டு, பூட்டு வைத்த மூடி ஒன்று கடையில் வாங்கிப் போட்டோம். கோளாறு ஆரம்பித்தது அதற்கு அடுத்த பயணத்தில்தான்.

மூடிக்கும் இன்ஜினுக்கும் என்ன சம்பந்தம் என்று யோசித்துக்கொண்டே அடுப்படிக்குப் போனேன். அத்தை கடலெண்ணெய் டின்னைச் சாய்த்துக்கொண்டிருந்தார். எண்ணெய் குளுக் குளுக்கென்று நின்று நின்று விழுந்தது. "எதுக்க இன்னொரு ஓட்டை போடு அம்மிணி. காத்து உள்ள போனாத்தான் எண்ணெய் வெளிய வரும்" என்றார். எனக்குச் சுருக்கென்றது!

மெக்கானிக்கிடம் சொன்னதும் தம்பி தலையில் அடித்துக்கொண்டார். பெட்ரோல் போகப் போக அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். எங்கள் வண்டியில் அந்த வழி மூடியில் இருக்கிற சின்னத் துவாரம். புது மூடியில் அது இல்லை. டேங்க் பாதி காலியாக இருந்தால் உள்ளே நிறையக் காற்று இருக்கிறது, கொஞ்சம் பெட்ரோல் குறைந்தாலும் சமாளிக்கும். முழுசாக நிரப்பினால் மேலே இருப்பது துளிக் காற்று. கொஞ்ச தூரம் போனதுமே டேங்க் பெட்ரோலை விடாமல் உறிஞ்சிப் பிடித்துக்கொள்கிறது. பம்ப்பால் இழுக்க முடியவில்லை. நிறுத்தி வைத்தால் இண்டு இடுக்கு வழியாகக் காற்று மெல்ல நுழைந்து மறுபடி ஓடுகிறது. ஒரே இடத்தில் நின்றதற்கும் அதுதான் காரணம். பேயும் இல்லை, பிசாசும் இல்லை.

அதையும் சோதித்தே பார்த்தோம். டேங்க்கை நிரப்பிக்கொண்டு தம்பியோடு கிளம்பினோம். கோவில்பாளையம் தாண்டி வண்டி நின்றது. தம்பி மூடியைத் திறந்தார். "புஸ்ஸ்" என்று காற்று உள்ளே போன சத்தம் எனக்கே கேட்டது. உடனே வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டது! துவாரம் உள்ள சரியான மூடி 280 ரூபாய். அதற்கப்புறம் ஃபுல் டேங்க்கோடு மூன்று தடவை அன்னூர் போய் வந்துவிட்டோம். அத்தைதான் முன் சீட்டில். ஆர்.சி. புதுப்பிக்க என்னவரே கிளம்பிவிட்டார்.

தோழிகளுக்கு என் அனுபவத்தில் சில வார்த்தைகள். வண்டி மக்கர் செய்தால் தேதி, எவ்வளவு தூரம் ஓடியது, வெயிலா மழையா, பெட்ரோல் எவ்வளவு, எத்தனை நிமிஷத்தில் சரியானது என்று குறித்து வையுங்கள். கோளாறு வருவதற்கு முன்னால் எதை மாற்றினோம் என்று யோசியுங்கள். குழம்பில் உப்பையும் புளியையும் ஒன்றாகப் போட்டுவிட்டால் எது கூடியது என்று தெரியாது. அதுபோல ஒரு சமயத்தில் ஒரு சாமானை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். நடுரோட்டில் நின்றால் முதலில் வண்டியை ஓரம் கட்டி, எச்சரிக்கை விளக்கைப் போட்டுவிட்டு, ரோட்டை விட்டுத் தள்ளி நில்லுங்கள். பெட்ரோல் வாசம் வந்தால் நாமே கை வைக்க வேண்டாம். இப்போதைய கார்களில் கோளாறைக் கம்ப்யூட்டரே குறித்து வைக்கும், டேங்க் அமைப்பும் வேறு. ஆனாலும் வந்து வந்து போகிற கோளாறுக்கு நம் நோட்டுக் கணக்கு கட்டாயம் உதவும்.

"அடுப்படியில இருக்கறவளுக்கு என்ன தெரியும்" என்று இனி எங்கள் வீட்டில் யாரும் கேட்பதில்லை!

– ஒரு வாசகி, சரவணம்பட்டி