கோழி எச்சம், நார்த்தூள், பக்கத்து வீட்டு அக்கா

கோழி வளர்க்கிறேன்னு இங்க ரொம்பப் பெருமையா பேசியிருக்கேன். இந்த எபிசோட் அதோட பின்விளைவு.

போன மழை முடிஞ்ச மறுநாள், பக்கத்து வீட்டு அக்கா காம்பவுண்ட் சுவருக்கு மேல எட்டிப் பார்த்தாங்க. "ஏந் தம்பி, ராத்திரி ஜன்னலே திறக்க முடியலைங். ஒரு மாசம் பார்க்கிறேன், அப்புறம் வீட்டுக்காரர்கிட்டச் சொல்லிருவேன்." அவங்க சொன்னது நியாயம்தான்.

என்கிட்ட இருக்கிறது 8 நாட்டுக்கோழி. ஒரு கோழிக்கு நாளைக்கு 100 கிராம் எச்சம்னு வெச்சாலும் மாசத்துக்கு 24 கிலோ. அத்தனையும் மூலையில குவிச்சு, "உரம் ஆயிட்டு இருக்கு"ன்னு நம்பிட்டு இருந்தேன்.

கோழிக்குச் சிறுநீர் தனியா வராது. எச்சத்து மேல வெள்ளையா தெரியுதே, அது யூரிக் அமிலம். ஈரம் பட்டதும் நுண்ணுயிரிகள் அதை அம்மோனியாவா மாத்திடும். கண் எரியுற அந்த வாடை, செடிக்குப் போக வேண்டிய நைட்ரஜன் காத்துல போறதுதான். அப்பத்தா சாம்பல் தூவச் சொன்னாங்க, தூவினேன். வாடை இன்னும் ஏறுச்சு. சாம்பலும் சுண்ணாம்பும் காரத்தன்மையைக் கூட்டும், அம்மோனியா இன்னும் வேகமா கிளம்பும்.

குறையா இருந்தது கார்பன். ஒரு குவியல் நல்லா மக்க, கார்பனும் நைட்ரஜனும் 25:1, 30:1 கிட்ட இருக்கணும். கோழி எச்சத்துல அது 10:1 கூட தேறாது. தேங்காய் நார்த்தூள்ல 100:1க்கு மேல. காங்கேயம், உடுமலைப் பக்கம் நார் மில் வாசல்ல மலை மாதிரி கிடக்கிற அதே தூள்தான். இது ரெண்டையும் சேர்த்து மக்க வைக்கிற முறை கோவை வேளாண் பல்கலைக்கழகத்துலயே இருக்கு. நான் ஒரு பக்கெட் எச்சத்துக்கு ரெண்டு பக்கெட் நார்த்தூளும் காஞ்ச இலையும் போடுறேன்.

திருப்பூர்க்காரங்க கேட்கிற அடுத்த கேள்வி: பனியன் கட்டிங் வேஸ்ட் போடலாமா? பருத்தி மக்கும். ஆனா லைக்ரா, பாலியஸ்டர் மக்காது, சாயத்துல என்ன இருக்குன்னு நமக்குத் தெரியாது. 2011-ல ஐகோர்ட் சாயப்பட்டறைகளையே மூடச் சொன்ன ஊர் இது. நான் போடறதில்லை.

அதே ஊர்ங்கிறதால உப்பையும் சொல்லணும். கோழி எச்சத்துல உப்பு உண்டு, கழுவாத நார்த்தூள்லயும் உண்டு. அது மேல போர் உப்புத் தண்ணியையும் ஊத்தினா தக்காளி இலை ஓரம் கருகிடும். எனக்குக் கருகுச்சு. இப்ப தூளை அலசிட்டு, நல்ல தண்ணிதான் தெளிக்கிறேன். கையில எடுத்துப் பிழிஞ்சா ஒண்ணு ரெண்டு சொட்டு வரணும், அவ்வளவுதான் ஈரம்.

குவியல் நீளம், அகலம், உயரம் மூணும் 3 அடியாவது வேணும், இல்லைன்னா சூடு நிக்காது. உள்ளே 55 டிகிரி 3 நாள் நின்னா சால்மோனெல்லா மாதிரி கிருமிகள் சாகும். என் முதல் குவியல் 41-லயே நின்னுடுச்சு. அதை மக்காத எருன்னுதான் கணக்குல வெச்சிருக்கேன். அமெரிக்க ஆர்கானிக் விதிப்படி, மண்ணைத் தொட்டு வளர்ற பயிருக்குப் பச்சை எரு போட்டா அறுவடைக்கு 120 நாள் இடைவெளி வேணும். கொத்தமல்லியைப் பச்சையா சட்னி அரைக்கிற நமக்கு அது சரியான கணக்கு.

வெயில் காலத்துல ஈ முட்டையிலிருந்து பறக்க 7-லிருந்து 10 நாள். அதனால வாரம் ஒரு தடவை புரட்டி, ஓரத்துல இருக்கிறதை உள்ளே தள்ளிடணும்.

அக்கா கொடுத்த கெடுவுல இன்னும் 11 நாள் பாக்கி. வாடை குறைஞ்சிருக்கு, நின்னுடலை. நேத்து தார்ப்பாய் வாங்கி மூடியிருக்கேன், சாயங்காலம் மேகம் வேற கட்டுது. கோழிங்க இருக்கா இல்லையான்னு அடுத்த எபிசோட்ல சொல்றேன்.