கிள்ளான் திடலில் 31 ஓட்டம்

கிள்ளான் பக்கம் போய்வருகிறவர்களுக்குப் பண்டமாரானைத் தெரிந்திருக்கும். அங்குள்ள பாயு எமாஸ் திடலில் 2025 ஜனவரியில் 19 வயதுக்குட்பட்ட பெண்களின் உலகக் கிண்ணக் கிரிக்கெட் ஆட்டங்கள் நடந்தன. வந்தவை 16 நாடுகள். போட்டியை நடத்தும் நாடு என்பதால் மலேசியாவுக்கும் இடம் கிடைத்தது.

ஜனவரி 21-இல் நம் பெண்கள் இந்தியாவைச் சந்தித்தார்கள். ஆளுக்கு 120 பந்து ஆடலாம். நம்மவர்கள் 87 பந்துகளில் 31 ஓட்டத்துக்கு எல்லா விக்கெட்டுகளையும் இழந்தார்கள். இந்தியாவுக்கு 17 பந்துகளே போதுமாக இருந்தன. கேட்டதும் சிலருக்குச் சிரிப்பு வரலாம். சிரிப்பதற்கு முன் நடந்ததைக் கொஞ்சம் பார்ப்போம்.

அன்று வைஷ்ணவி சர்மா என்ற பெண் 5 ஓட்டம் கொடுத்து 5 விக்கெட் எடுத்தார். அதில் மூன்று, அடுத்தடுத்த மூன்று பந்துகளில். அவர் இடது கையால் சுழல்பந்து வீசுபவர். வலது கை ஆட்டக்காரருக்கு அந்தப் பந்து தரையில் பட்டதும் வெளிப்பக்கம் திரும்பும். சில பந்து திரும்பாமல் நேரே வந்துவிடும். முன்னே போய்த் திரும்புமுன் அடிக்க வேண்டும், அல்லது பின்னே நின்று திரும்பியபின் ஆட வேண்டும். நடுவில் தயங்கினால் போச்சு. எந்தப் பந்து எப்படி வரும் என்பதைப் பந்து வீசுகிறவரின் கையைப் பார்த்தே கணிக்க வேண்டும். செம்பனைக் குலை பழுத்ததா என்று கீழே நின்றபடியே சொல்கிறீர்களே, அந்தக் கண் ஒரு நாளிலா வந்தது? இதுவும் அப்படித்தான். நூறு நூறாகப் பந்துகளைச் சந்தித்தவளுக்குத்தான் அது வரும்.

நம் வீடுகளில் என்ன நடக்கிறது? அண்ணன் மட்டை பிடிப்பான், தங்கை பந்து பொறுக்குவாள். வயதுக்கு வந்துவிட்டால் அதுவும் நின்றுவிடும். பிறகு கண் எப்படிப் பழகும்?

அதே போட்டிக்கு முதல்முறையாக வந்த நைஜீரியப் பெண்கள், கூச்சிங்கில் நியூசிலாந்தை 2 ஓட்டத்தில் வென்றார்கள். மழையால் ஆட்டத்தை 13 ஓவராகக் குறைத்திருந்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் வெற்றி வெற்றிதானே!

மதுரைப் பெண் கமலினிக்கு அப்போது வயது 16. இந்தியாவின் விக்கெட் காப்பாளர். பண்டமாரானில் நடந்த அரையிறுதியில் இங்கிலாந்துக்கு எதிராகக் கடைசிவரை நின்று 56 ஓட்டம் எடுத்தார். பிப்ரவரி 2-இல் அதே திடலில் இந்தியா தென்னாப்பிரிக்காவை வென்று கிண்ணத்தை எடுத்துச் சென்றது.