ஐஸ்கிரீம் டப்பாவும் கறுப்பு எண்கோணமும்

உடல்நலத் தகவலை ஒருவரால் எந்த அளவுக்குப் படித்துப் புரிந்துகொள்ள முடிகிறது என்று பார்க்க, மருத்துவர்கள் ஓர் ஐஸ்கிரீம் டப்பாவைக் கையில் எடுக்கிறார்கள். நிஜ டப்பா இல்லை. அதன் பின்பக்கத்தில் இருக்கும் சத்து விவரப் பட்டியல் மட்டும். 2005-இல் அமெரிக்காவில் வெளியான சோதனை இது. ஆறு கேள்விகள், சுமார் மூன்று நிமிடம். ஒரு வேளை அளவுக்கு 250 கலோரி, டப்பாவில் அப்படி நான்கு அளவு. முழுவதையும் தின்றால் எத்தனை கலோரி? நாளுக்கு 2,500 கலோரி சாப்பிடுகிறவருக்கு ஒரு வேளை அளவு எத்தனை சதவீதம்? வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாதவர் இதைச் சாப்பிடலாமா? (கூடாது. சேர்மானப் பட்டியலுக்குள் கடலை எண்ணெய் இருக்கிறது.)

ஒன்றுக்கு மேல் சரியாகச் சொல்ல முடியாதவருக்கு மருத்துவமனைக் காகிதங்களும் சிரமமாக இருக்கக்கூடும் என்று எடுத்துக்கொள்வார்கள். அப்படிப்பட்டவர்கள் கொஞ்சநஞ்சம் பேரல்ல. 2011-இல் எட்டு ஐரோப்பிய நாடுகளில் வேறொரு முறையில் நடந்த கணக்கெடுப்பில், 47 சதவீதத்தினருக்கு உடல்நல அறிவு போதவில்லை என்று தெரிந்தது. பள்ளிப் படிப்பு பரவலாக உள்ள நாடுகளின் நிலை இது.

இதற்கு அரசுகள் வழக்கமாகச் செய்வது நமக்குத் தெரியும்: துண்டுப் பிரசுரம், விழிப்புணர்வு வாரம், பதாகை பிடித்த பேரணி. மக்களுக்குக் கணக்குத் தெரியவில்லை, ஆகவே சொல்லிக்கொடுப்போம் என்கிற எண்ணம். கடையில் ஒரு கையில் குழந்தை, இன்னொரு கையில் கூடை என்று நிற்கிற அம்மா எதற்காக வகுத்தல் போட வேண்டும் என்ற கேள்வியை எழுப்பி, அதற்குச் சட்டத்தின் மூலமே பதில் சொன்ன நாடு சிலி.

மருத்துவரான செனட்டர் கீடோ ஹிரார்டி முன்னின்று போராடிய 20.606-ஆம் எண் சட்டம் 2012-இல் வெளியானது. உணவு நிறுவனங்களின் எதிர்ப்பைக் கடந்து நடைமுறைக்கு வர 2016 ஜூன் ஆகிவிட்டது. சர்க்கரையோ உப்போ கொழுப்போ சேர்த்துத் தயாரித்த பாக்கெட் உணவில் அளவு வரம்பைத் தாண்டினால், முன்பக்கத்தில் கறுப்பு எண்கோண முத்திரை இருந்தாக வேண்டும். ‘சர்க்கரை அதிகம்’, ‘சோடியம் அதிகம்’, ‘நிறைவுற்ற கொழுப்பு அதிகம்’, ‘கலோரி அதிகம்’ என்று நான்கு வகை. நான்கிலும் வரம்பு மீறினால் நான்கு முத்திரை. ஒவ்வொன்றின் அடியிலும் சுகாதார அமைச்சகத்தின் பெயர்.

இந்த வடிவம் யோசித்துத் தேர்ந்தது. எண்கோணம் சாலையில் ‘நில்’ பலகைக்கு உரியது. எழுத்துக் கூட்டத் தெரியாத குழந்தையும் அதை அறியும். வண்ணம் கொழிக்கும் பாக்கெட்டுகளுக்கு நடுவே கறுப்பு தனித்துத் தெரியும். வரம்பு 100 கிராமுக்கு, பானமானால் 100 மில்லிக்கு. ‘ஒரு வேளை அளவு’ என்று இரண்டு பிஸ்கட்டைக் காட்டி எண்ணைச் சிறிதாக்கும் வித்தைக்கு இதில் இடமில்லை. திட உணவில் சர்க்கரை வரம்பு முதலில் 22.5 கிராம், 2018-இல் 15, 2019-இல் 10 என்று மூன்று படிகளில் இறுகியது. முத்திரை விழுந்த பண்டத்தைப் பள்ளிக்குள் விற்கக் கூடாது, 14 வயதுக்கு உட்பட்டவர்களைக் கவரும் விளம்பரம் கூடாது. காலை உணவுப் பெட்டிகளிலிருந்து கார்ட்டூன் புலி வெளியேறியது.

பலன்? முதல் கட்டத்துக்குப் பிறகு, முத்திரை பெறும் பானங்களை வீடுகள் வாங்கும் அளவு ஏறக்குறைய 24 சதவீதம் குறைந்ததாக 2020-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. சந்தையில் உள்ள பாக்கெட் உணவுகளில் வரம்பு மீறிய பண்டங்களின் பங்கும் 51 சதவீதத்திலிருந்து 44-க்கு இறங்கியது. என் பார்வையில் இரண்டாவது எண்தான் பெரிய செய்தி. முத்திரைக்கு அஞ்சி நிறுவனங்களே சர்க்கரையையும் உப்பையும் குறைத்ததால், முத்திரையை ஏறெடுத்தும் பார்க்காதவர் வயிற்றுக்குள்ளும் அவை குறைவாகவே போயின.

அதே பான ஆய்வில் ஓர் உறுத்தலும் உண்டு. அதிகம் படித்தவர்கள் வீட்டில் 29 சதவீதம் வரை குறைந்தது. குறைவாகப் படித்தவர்கள் வீட்டில் சுமார் 22 சதவீதம். படிப்புத் தேவைப்படாத குறியீடே படிப்பைப் பொறுத்துத்தான் வேலை செய்திருக்கிறது. சர்க்கரையைக் குறைத்த சில நிறுவனங்கள் அந்த இடத்தில் செயற்கை இனிப்பூட்டியைச் சேர்த்தன. சிலியின் முத்திரை அதைப் பிடிப்பதில்லை. பெரு, மெக்சிகோ, உருகுவே ஆகியவை எண்கோணத்தைத் தமதாக்கிக்கொண்டபோது, மெக்சிகோ மட்டும் இனிப்பூட்டிக்குத் தனி எச்சரிக்கை சேர்த்தது.

இந்தியாவுக்கு இந்த உத்தி புதிதே அல்ல. சைவ உணவுக்குப் பச்சைப் புள்ளி என்று ஒன்று இருபது ஆண்டுகளுக்கு மேலாக நம் பாக்கெட்டுகளில் இருக்கிறது. அதைப் படிக்க யாருக்கும் பயிற்சி முகாம் நடத்த வேண்டியிருக்கவில்லை. அசைவத்துக்கான பழுப்பு வட்டத்தை முக்கோணமாக மாற்றியபோது, நிறக்குருடு உள்ளவர்களைக்கூட நினைத்துப் பார்த்தார்கள். மதத்துக்கும் பழக்கத்துக்கும் காட்டிய இந்த அக்கறை சர்க்கரைக்கு மட்டும் ஏன் இவ்வளவு தயங்குகிறது?

உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் முன்வைத்த வரைவு, எச்சரிக்கைக்குப் பதில் நட்சத்திரம் தரச் சொன்னது. அரை முதல் ஐந்து வரை. பழம், கொட்டை, நார்ச்சத்து இருந்தால் சாதக மதிப்பெண். அது சர்க்கரைக்கான பாதகத்தை ஈடுகட்டும். பாதாம் தூவிய இனிப்புப் பிஸ்கட்டுக்கும் நட்சத்திரம் மின்னலாம். ஐந்தில் இரண்டு நல்லதா கெட்டதா என்பது இன்னொரு கணக்குப் பரீட்சை. முன்பக்கக் குறியீடு பற்றி முடிவு சொல்ல உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் மூன்று மாதம் கெடு கொடுத்தது.

அதற்கடுத்த மாதமே சி.பி.எஸ்.இ. தன் பள்ளிகளுக்கு ‘சர்க்கரைப் பலகை’ வைக்கச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்பியது. ஒரு குளிர்பானத்தில் எவ்வளவு சர்க்கரை, ஒரு நாளைக்கு எவ்வளவு போதும் என்று மாணவர்கள் தெரிந்துகொள்ள. பலகை நல்லதுதான். ஆனால் இடைவேளையில் பையன் காசு கொடுத்து வாங்கும் பாட்டிலின் முன்பக்கத்தில் இன்றும் மாம்பழப் படம்தான் இருக்கிறது. சர்க்கரைக் கணக்கு பின்பக்கத்தில், பொடி எழுத்தில்.