உஷார்! மேஜையில் தோற்கும் டீம்கள்

கல்லூரி டீம் கேப்டன்களே, பி.டி. சார்களே, சீசன் சூடுபிடிக்கும் முன் இதை ஒருமுறை படித்துவிடுங்கள்.

2025 ஜூலையில் ஜெர்மனியின் ரைன்-ரூர் பகுதியில் உலகப் பல்கலைக்கழக விளையாட்டுப் போட்டிகள் நடந்தன. இந்தியாவிலிருந்து பேட்மிண்டன் ஆட 12 பேர் போனார்கள். ஆட முடிந்தது 6 பேரால்தான். மற்றவர்களுக்குக் காயமில்லை, காய்ச்சலில்லை. மேனேஜர்கள் கூட்டத்தில் அவர்கள் பெயரை நம் அதிகாரிகள் முறையாகக் கொடுக்கவில்லை. களமிறங்கிய ஆறு பேர் கலப்பு அணிப் பிரிவில் வெண்கலம் வாங்கித் தந்தார்கள். வெளியே நின்ற ஆறு பேருக்கு யார் என்ன பதில் சொல்வது? மாணவப் பருவம் திரும்ப வருமா?

உலகப் போட்டியிலேயே இந்தக் கதி என்றால், நம் ஜோன் மேட்ச்களில் என்ன நடக்கும்? நடந்ததைப் பார்த்திருக்கிறேன். ஒருமுறை கபடி டீமுக்கு மேனேஜராகப் போனேன். லெஃப்ட் கார்னர் பையன் நீ-கேப் மாட்டிக்கொண்டு தயாராக நின்றான். பதிவு மேஜையில் இருந்தவர் அவனுடைய தகுதிப் படிவத்தையும் ப்ளஸ் டூ மார்க்‌ஷீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரலால் ஓட்டினார். விரல் பிறந்த தேதியில் நின்றது. 3 என்பது 8 ஆகியிருந்தது. அவசரத்தில் எழுதியவன் நான்தான். திருத்தினால் பிரின்சிபல் மறுபடி கையெழுத்துப் போட வேண்டும். கல்லூரியோ 200 கிலோமீட்டர் தள்ளி. பையன் ஒன்றும் பேசவில்லை. உட்கார்ந்து நீ-கேப்பைக் கழற்றினான். இன்றைக்கும் எந்தப் படிவத்தையும் இரண்டு பேர் சரிபார்க்காமல் நான் அனுப்புவதில்லை.

அது கவனக்குறைவு. தெரிந்தே செய்யும் தப்பு ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லவே கை நடுங்குகிறது. படிப்பை முடித்துப் போன சீனியரை ஜூனியர் பெயரில் இறக்குவது. ‘ஒரே ஒரு மேட்ச்தானே’ என்பார்கள். வேண்டவே வேண்டாம். தமிழக அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஆடியவர் அரசு வேலைக்குக் காட்டுவது ‘படிவம் 3’ என்ற சான்றிதழை. என்றைக்கோ ஒருநாள் அதைச் சரிபார்க்கும்போது பழைய ஆள்மாறாட்டம் வெளியே வந்தால், ஒழுங்காக ஆடிய மற்ற பிள்ளைகளின் சான்றிதழ் மேலும் சந்தேகம் விழும். கூலி வேலை செய்து ஷூ வாங்கிக் கொடுத்த அப்பாவிடம் அதை எப்படிச் சொல்வான் அந்தப் பையன்?

அடுத்தது மருந்து. 2023-ல் இந்தியாவில் எடுத்த 5,606 மாதிரிகளில் 213-ல் தடை செய்யப்பட்ட பொருள் இருந்தது. ஐயாயிரத்துக்கு மேல் சோதித்த நாடுகளில் நம் விகிதம்தான் அதிகம். அதே ஆண்டு செப்டம்பரில் டெல்லி மாநிலத் தடகளப் போட்டிக்கு ஊக்கமருந்துத் தடுப்பு முகமையான ‘நாடா’வின் ஆட்கள் வந்தார்கள் என்றதும் ஓட்டக்காரர்கள் காணாமல் போனார்கள், ஆண்கள் 100 மீட்டர் இறுதியில் ஒரே ஒருவர்தான் ஓடினார்.

நம் பிள்ளைகள் அப்படியில்லை என்று இருந்துவிடாதீர்கள். ஜிம்மில் ‘ஸ்டாமினா வரும்’ என்று போடும் மெஃபென்டர்மின் ஊசி தடைப் பட்டியலில் இருக்கிறது. சளி மாத்திரைகள் சிலவற்றில் இருக்கும் சூடோஎஃபெட்ரின், போட்டி நேரத்தில் அளவுக்கு மேல் சிறுநீரில் தெரிந்தால் அதுவும் குற்றம். லேபிள் இல்லாத புரோட்டீன் டப்பாவில் என்ன கலந்திருக்கிறது என்பது விற்பவருக்கே தெரியாது. ‘எனக்குத் தெரியாது, கோச் கொடுத்தார்’ என்ற பேச்சு அங்கே எடுபடாது. உடம்பில் இருந்தால் பொறுப்பு ஆடுபவருடையது. ஸ்டீராய்டு மாட்டினால் 4 ஆண்டுத் தடை வரை போகும். ஒரு பட்டப்படிப்பே 3 வருஷம்தான். மாத்திரை வாயில் போகுமுன் நாடாவின் ‘நோ யுவர் மெடிசின்’ செயலியில் பெயரைத் தட்டிப் பாருங்கள்.

அப்புறம் பணம். டீம் பணம் தனி ஆளின் ஜிபே-யில் புரளக் கூடாது. வரவு செலவை நோட்டில் எழுதி எல்லாருக்கும் காட்டுங்கள். இது சண்டையில்லாமல் சீசனை முடிக்கும் வழி.

கடைசியாக, ஹாஸ்டல் அறை. புதிதாக வந்த பையனை நள்ளிரவில் எழுப்பித் தண்டால் எடுக்க வைப்பது, சீனியர் ஜெர்சியைத் துவைக்கச் சொல்வது, இதையெல்லாம் ‘டீம் வழக்கம்’ என்கிறார்கள். சட்டம் அதை ராகிங் என்கிறது. தமிழ்நாட்டில் 1997-லிருந்தே அதற்குச் சிறை உண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009 விதிகளில் உள்ள தண்டனைகளில் ஒன்று, கல்லூரி சார்பாக எந்தப் போட்டியிலும் ஆடவிடாமல் தடுப்பது. செய்தவர் யாரென்று தெரியாவிட்டால் கூட்டாகத் தண்டிக்கவும் அதே விதிகள் சொல்கின்றன. நாலு பேர் செய்த காரியத்துக்கு மொத்த டீமும் உட்கார வேண்டி வரும்.

பாதிக்கப்பட்ட தம்பி, தங்கைகளே, பயப்படாதீர்கள். உதவி எண் 1800-180-5522. கேப்டன்களே, இந்த எண்ணை டிரெஸ்ஸிங் ரூம் கதவில் நீங்களே ஒட்டுங்கள். அப்புறம் இன்று மாலை பயிற்சி முடிந்ததும் டீம் ஃபைலைத் திறந்து, ஒவ்வொருவர் பிறந்த தேதியையும் மார்க்‌ஷீட்டோடு வைத்துப் பாருங்கள்.