யாரும் சீண்டாத வாட்ச் 115 கோடி ரூபாய்க்குப் போனது தெரியுமா?

இன்று பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாலும் எளிதில் கிடைக்காத ரோலெக்ஸ் டேடோனா, 1960களில் கடைக் கண்ணாடிப் பெட்டியில் விற்காமல் தேங்கிக் கிடந்த சரக்கு! விலை இருநூறு டாலர் சொச்சம். தினமும் சாவி கொடுக்க வேண்டும். அதிலும் ஒரு வகை டயல் இருந்தது. உள்ளே இருக்கும் மூன்று குட்டி வட்டங்களில் கோடுகளின் நுனியில் சின்னச் சதுரங்கள், பழைய சுவரொட்டிகளில் வருவது போன்ற எண்கள், ஓரத்தைச் சுற்றி வேறு நிறத்தில் ஒரு பட்டை. சிங்கர் என்ற சுவிஸ் நிறுவனம் செய்து கொடுத்த டயல் அது. ரோலெக்ஸ் என்றால் அடக்கமாக இருக்க வேண்டும் என்று நினைத்தவர்கள் அதைப் பார்த்து முகம் சுளித்தார்கள். மிகக் குறைவாக விற்றது. எனவே மிகக் குறைவாகவே செய்தார்கள்.

ஹாலிவுட் நடிகர் பால் நியூமனுக்கு அப்போது கார்ப் பந்தயப் பித்துப் பிடித்திருந்தது. அவர் மனைவி, நடிகை ஜோஆன் வுட்வர்ட், அந்த வகை டயல் கொண்ட ஒரு டேடோனாவை வாங்கிப் பின்மூடியில் மூன்றே சொற்களைப் பொறித்துப் பரிசளித்தார்: ‘கவனமாக ஓட்டு. நான்.’ ஒரு மனைவியின் பயமும் பாசமும் அந்த எவர்சில்வர் மூடியில் அப்படியே பதிந்துவிட்டன!

1984-இல் நியூமன் என்ன செய்தார் தெரியுமா? தன் மகள் நெல்லின் நண்பர் ஜேம்ஸ் காக்ஸ், நியூமனின் வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தபோது அவரிடம் மணி கேட்டார். பையன் கையில் நேரம் காட்டும் வாட்ச் இல்லை. தன் கையிலிருந்ததைக் கழற்றி, சாவி கொடுத்தால் நன்றாக ஓடும் என்று சொல்லிக் கொடுத்துவிட்டார். காக்ஸும் அதைச் சாதாரணமாகக் கட்டிக்கொண்டு திரிந்தார். இதற்கிடையே இத்தாலியச் சேகரிப்பாளர்கள் அந்த வகை டயலுக்கே ‘பால் நியூமன்’ என்று பெயர் வைத்து வேட்டையாடத் தொடங்கியிருந்தார்கள்.

2017 அக்டோபர் 26, நியூயார்க், ஃபிலிப்ஸ் ஏல நிறுவனம். ஏலம் தொடங்கியதுமே தொலைபேசியில் ஒருவர் கேட்ட விலை ஒரு கோடி டாலர்! பன்னிரண்டு நிமிடங்கள் கழித்துச் சுத்தியல் விழுந்தபோது, கமிஷனும் சேர்த்து 1,77,52,500 டாலர். அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 115 கோடி ரூபாய். அதுவரை எந்தக் கைக்கடிகாரமும் ஏலத்தில் அந்த விலையைத் தொட்டதில்லை.

அரிய வாட்சுகளின் உலகத்தை நான் வியந்து வியந்து பார்ப்பது இதற்காகத்தான். நேற்று வேண்டாம் என்று ஒதுக்கப்பட்டதுதான் இங்கே பெரும்பாலும் நாளைய பொக்கிஷம். வாங்க ஆளில்லாததால்தான் எண்ணிக்கை குறைந்தது. எண்ணிக்கை குறைந்ததால்தான் இன்று இந்த விலை.

பழுதே பொக்கிஷமாகும் என்றால் நம்புவீர்களா? 1990களின் நடுவில் வந்த சில டேடோனாக்களின் கறுப்பு டயலில் பூசிய வார்னிஷ் சரியில்லை. குட்டி வட்டங்களைச் சுற்றியிருந்த வெள்ளி நிற வளையங்கள் ஆண்டுகள் போகப் போகப் பழுப்பாயின. வேறு எந்தப் பொருளாக இருந்தாலும் கடைக்காரரிடம் சண்டைக்குப் போயிருப்போம்! ஆன்டிகோரம் ஏல நிறுவனத்தை நிறுவிய ஓஸ்வால்டோ பட்ரிட்சி இந்த நிற மாற்றத்தை எடுத்துச் சொல்ல, அவர் பெயரிலேயே ‘பட்ரிட்சி டயல்’ என்று ஒரு தனி வகை பிறந்துவிட்டது. வெயில் பட்டுக் காப்பி நிறமான கறுப்பு டயல்களுக்கு ‘டிராபிகல்’ என்று பெயர். அதற்கும் தனி விலை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக நிறம் மாறுவதால், ஒன்றைப் போல இன்னொன்று உலகத்திலேயே கிடையாது.

தங்கத்தை எவர்சில்வர் வென்ற கதை இன்னும் பிரமாதம்! பாடெக் ஃபிலிப் 1941-இல் அறிமுகப்படுத்திய 1518 என்ற வாட்ச், நிரந்தரக் காலண்டரும் ஸ்டாப்வாட்சும் ஒன்றாகச் சேர்ந்தது. மொத்தமே 281 செய்தார்கள். அதை வாங்கும் வசதி உள்ளவர்கள் தங்கத்தில்தான் கேட்டார்கள். எவர்சில்வரில் இருப்பதாகத் தெரிந்தவை நான்கே நான்கு. 2016-இல் ஜெனீவாவில் அதில் ஒன்று 1.1 கோடி சுவிஸ் பிராங்குக்குப் போனது, நம் கணக்கில் சுமார் 75 கோடி ரூபாய். தங்கத்தில் செய்த அதே மாடல் அந்த விலையை எட்டிப் பார்த்ததில்லை. இந்த ரகசியம் கம்பெனிக்கும் நன்றாகத் தெரியும். 2019-இல் தசைச் சிதைவு நோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டிய ‘ஒன்லி வாட்ச்’ ஏலத்துக்காகத் தன் ‘கிராண்ட்மாஸ்டர் சைம்’ வாட்சை எவர்சில்வரில் ஒன்றே ஒன்று செய்து, ‘இது ஒன்றுதான்’ என்று டயலிலேயே எழுதிக் கொடுத்தது. போன விலை 3.1 கோடி பிராங்க். 220 கோடி ரூபாய்க்கு மேல்!

நிறம் ஒன்று மட்டும் விலையை நூறு மடங்குக்கு மேல் ஏற்றுமா? ஏற்றியது. நாட்டிலஸ் 5711 என்ற மாடலை நிறுத்துவதாக 2021-இல் அறிவித்த பாடெக், அந்த ஆண்டு டிசம்பரில் டிஃபனி நகைக்கடையோடு தனக்குள்ள 170 ஆண்டு உறவைக் கொண்டாட, டிஃபனியின் இளநீல நிற டயலோடு 170 வாட்சுகள் செய்தது. கடை விலை 52,635 டாலர். முதலாவது ஏலத்துக்கு வந்தது. 65 லட்சம் டாலர்! அந்தப் பணம் இயற்கைப் பாதுகாப்புப் பணிக்குப் போனது. கூத்து அதோடு முடியவில்லை. ஏறக்குறைய அதே இளநீலத்தில் ரோலெக்ஸ் 2020-இலேயே ஒரு சாதாரண ஆயிஸ்டர் பெர்பெச்சுவல் விட்டிருந்தது. அதில் தேதிகூடக் கிடையாது. பாடெக் செய்தி வந்ததும் அந்த ரோலெக்ஸின் பழைய வாட்ச் சந்தை விலையும் விறுவிறுவென்று ஏறிவிட்டது!

குறைவாகச் செய்தால் போதும், அரிதாகிவிடும் என்று நினைக்காதீர்கள். பின்மூடியில் ‘இரண்டாயிரத்தில் ஒன்று’ என்று பொறித்த எத்தனையோ வாட்சுகள் பாதி விலைக்குக்கூடப் போகாமல் கிடக்கின்றன. எண்ணிக்கைக்குப் பின்னால் ஒரு கதை வேண்டும். ஒமேகா 2003-இல் ஸ்னூப்பி நாய்ப் படம் போட்ட ஸ்பீட்மாஸ்டர் வாட்சை 5,441 மட்டுமே செய்தது. ஏன் அந்த எண்? அப்போலோ 13 விண்கலம் கிளம்பித் திரும்பி வந்த நேரம் 142 மணி 54 நிமிடம் 41 வினாடி! விபத்துக்குள்ளான அந்தக் கலத்தைச் சரியான பாதைக்குத் திருப்ப 14 வினாடி என்ஜினை எரிக்க வேண்டியிருந்தது. அந்த 14 வினாடிகளை அளந்தது விண்வெளி வீரரின் கையிலிருந்த ஸ்பீட்மாஸ்டர். அதற்கு நன்றியாக விண்வெளி வீரர்கள் ஒமேகாவுக்குக் கொடுத்ததுதான் ஸ்னூப்பி விருது. இப்படி ஒரு கதை இருக்கும்போது அந்த வாட்ச் ஏன் மங்கப்போகிறது?

மார்லன் பிராண்டோவின் வாட்ச் தெரியுமா? ரோலெக்ஸ் ஜிஎம்டி. ‘அபோகலிப்ஸ் நவ்’ படப்பிடிப்பில் அது கண்ணை உறுத்துகிறது என்றார்கள். கண்ணாடியைச் சுற்றியிருந்த வண்ண வளையத்தையே பிடுங்கி எறிந்துவிட்டு நடித்தார்! பின்பக்கத்தில் தன் பெயரைக் கையாலேயே கீறிக்கொண்டார். 2019-இல் வளையம் இல்லாமல், கீறலோடு, அது 19 லட்சம் டாலரைத் தாண்டியது.

சரி, இனி எது அரிதாகும்? எனக்குப் பச்சை வளைய ரோலெக்ஸ் மேல் எப்போதும் ஒரு கண். சப்மரீனர் மாடலின் ஐம்பதாம் ஆண்டுக்காக 2003-இல் வந்தபோது ‘கெர்மிட் தவளை’ என்று கேலி செய்தார்கள். 2010-இல் நின்றது. அதிலும் தொடக்க கால வளையத்தில் 40 என்ற எண்ணின் நான்கு உச்சியில் தட்டையாக இருக்கும். அந்த ஒரு தட்டைக்கு இன்று தனி விலை! அடுத்து வந்த முழுப்பச்சை ‘ஹல்க்’ 2020-இல் நின்றது. 2023-இல் லெ மான்ஸ் கார்ப் பந்தயத்தின் நூறாண்டுக்காக வந்த வெள்ளைத்தங்க டேடோனா ஓராண்டுக்குள் காணாமல் போனது. அதன் டயலைப் பாருங்கள், குட்டி வட்டங்களில் அதே சதுர நுனிக் கோடுகள்! அன்று யாரும் சீண்டாத வடிவத்தை ரோலெக்ஸே தேடிப் போய் எடுத்திருக்கிறது. அடுத்த தலைமுறை இதைத்தான் துரத்தும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஆனால் விலை ஏறும் இடத்தில் மோசடியும் ஏறும். 2021-இல் ஜெனீவாவில் 1957-ஆம் ஆண்டு ஸ்பீட்மாஸ்டர் ஒன்று 31 லட்சம் பிராங்குக்கு மேல் போனது. வாங்கியது யார்? ஒமேகாவேதான், தன் அருங்காட்சியகத்துக்காக! 2023-இல் அதே ஒமேகா, அது பல வாட்சுகளின் பாகங்களைச் சேர்த்து ஒட்டியது என்றும், தன் முன்னாள் ஊழியர்களுக்கே அதில் பங்கு இருந்தது என்றும் அறிவித்தது. செய்தவர்களையே ஏமாற்ற முடிந்தது என்றால் மற்றவர்கள் கதி என்ன?

அதனால்தான் சேகரிப்பவர்கள் டயலும் முள்ளும் கேஸும் ஒரே காலத்தவையா என்று லென்ஸ் வைத்துப் பார்க்கிறார்கள். 1990களின் இறுதிவரை டயலில் பூசிய, இருட்டில் ஒளிரும் டிரிடியம் பூச்சு பெரும்பாலும் வெண்ணெய் நிறமாகியிருக்கும். டயல் புள்ளிகள் மஞ்சளாகவும் முட்கள் வெள்ளையாகவும் இருந்தால் சந்தேகம் வருகிறது. பாலிஷ் போட்டுப் பளபளப்பாக்கிய கேஸைவிட, ஓரம் கூர்மையாக இருக்கும் கீறல் விழுந்த கேஸுக்கே மதிப்பு. உங்கள் வீட்டில் தாத்தா கட்டிய பழைய வாட்ச் இருந்தால் சர்வீஸுக்குக் கொடுக்கும்போது ‘டயலை மாற்ற வேண்டாம், பாலிஷ் போட வேண்டாம்’ என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். ஏதாவது மாற்றியே தீர வேண்டும் என்றால், கழற்றிய பழைய பாகத்தை ஒரு உறையில் போட்டுத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள்.